கேட்கப்பட்ட நேரத்தில் வாய் திறக்காமல் போனவன் இப்போது என்ன செய்ய வேண்டும்?

கடுகுவிதை:

அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக மனதில் அடைத்துக்கொண்டிருப்பதை இங்கே எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ஒன்பது ஆண்டுகள் எனக்கு எதிர் மேசையில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர் உண்டு. அவர் கிறிஸ்தவர் அல்லர். நாங்கள் மதத்தைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு நானும் என் மனைவியும் எங்கள் மகளை நோயில் இழந்தோம். அந்த நாட்களில் என் வேலைகளையும் சேர்த்து, யாரும் கேட்காமலேயே, இவர்தான் செய்துகொடுத்தார். பின்னர், சுமார் ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு, அவருடைய தம்பி சாலை விபத்தில் இறந்துபோனார்.

விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய இரண்டாம் வாரம், ஒரு மாலையில், அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அச்சு இயந்திரத்திலிருந்து வந்துகொண்டிருந்த தாள்களை எடுத்து, அவற்றின் ஓரங்களை மேசையில் தட்டித் தட்டி அவர் நேராக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலேயே, "உங்கள் மகள் போன பிறகு நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்? அழுதீர்கள், நான் பார்த்தேன். ஆனாலும் உடைந்துபோகவில்லை. எதைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியும். அந்த விடையால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். ஆனால் நான் சொன்னது, "காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும்" என்பதுதான். அது பொய். காலம் என்னை ஆற்றவில்லை. அவர் தலையசைத்துவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மாதங்களில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வேத வசனத்தை வைக்கிறவன் நான். அதை இருநூறு பேராவது பார்க்கிறார்கள். என்னிடம் நேராக வந்து கேட்ட ஒரே ஒருவருக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இனி என்ன செய்வது? அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தைப் பகிர்வது என்பதை நான் அடிப்படையிலேயே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா?

எக்காளம்:

சகோதரரே, உங்கள் மகளைக் குறித்து வாசித்தபோது மனம் கனத்தது. கர்த்தர் உங்கள் இருவரையும் தேற்றுவாராக.

ஆனாலும் நான் நினைப்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எசேக்கியேல் 33-ஆம் அதிகாரத்தில், பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனிடத்தில் இரத்தப்பழி கேட்கப்படும் என்று எழுதியிருக்கிறது. "பிரசங்கிக்கிறவனில்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" என்று ரோமர் 10:14 கேட்கிறது. நான் வாரத்தில் ஐந்து பேரிடமாவது ஆண்டவரைப் பற்றிப் பேசுவேன் என்று தீர்மானித்து, நான்கு ஆண்டுகளாக அதைக் கடைப்பிடித்து வருகிறேன். பயணங்களில் கைப்பிரதி கொடுக்கிறேன். சிலர் வாங்குகிறார்கள், சிலர் கிழித்துப் போடுகிறார்கள். அது எனக்கு அவமானம் அல்ல. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய ஆத்துமாவுக்கு இழப்புத்தான். இன்றே தொலைபேசியில் அழையுங்கள், சுவிசேஷம் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

கேட்பவன்:

நான் கிறிஸ்தவன் அல்லன். என் அக்கா கிறிஸ்தவராகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இங்கே வாசித்து வருகிறேன். மறுபக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, உறவினர் ஒருவர் தம் சபையைச் சேர்ந்த இருவரை அழைத்து வந்தார். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா இரண்டு நாட்களாகத் தூங்கவில்லை. அவர்கள் அம்மாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மரணத்திற்குப் பின் வரும் நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசிவிட்டு, ஒரு காகிதத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். அன்று நான் உணர்ந்தது கோபம்கூட அல்ல. அவர்களுடைய கணக்கில் நாங்கள் ஓர் எண்ணிக்கை என்றே எனக்குத் தோன்றியது. "வாரத்தில் ஐந்து பேர்" என்று எக்காளம் எழுதியதைப் படித்தபோது அந்தப் பெஞ்சு நினைவுக்கு வந்துவிட்டது. அவருடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை, அந்த ஐந்து பேரில் ஒருவனாக இருந்தால் எப்படியிருக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் கடுகுவிதை ஐயா, இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் கல்லூரித் தோழன் ஒருவன் தவறாமல் ஆலயத்திற்குப் போகிறவன். அப்பா இறந்த பிறகு ஒருநாள், "நீ எதை நம்புகிறாய், எதற்காக நம்புகிறாய்?" என்று உண்மையாகவே அவனிடம் கேட்டேன். "அதெல்லாம் அவரவர் சொந்த விஷயம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டான். கேட்காதபோது பேசியவர்களைவிட, கேட்டபோது மழுப்பிய அவன்தான் என்னை அதிகமாகக் காயப்படுத்தினான். அவனிடம் ஏதோ விலைமதிப்புள்ளது இருக்கிறது, அதைக் காட்டும் அளவுக்கு நான் நெருங்கியவன் இல்லை என்றே அதை எடுத்துக்கொண்டேன்.

மாலைவெளிச்சம்:

முப்பத்தொரு ஆண்டுகள் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்பவன் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். தம்பி, அந்தப் பெஞ்சில் உங்கள் தாயாருக்கு நேர்ந்ததற்காக, அந்த ஊழியத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இளவயதில் துக்க வீடு ஒன்றில், அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவே நாற்பது நிமிடங்கள் பிரசங்கித்தவன் நான். "மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போலவும், வெடியுப்பின்மேல் வார்த்த காடியைப்போலவும் இருப்பான்" என்னும் நீதிமொழிகள் 25:20 எனக்கு அப்போது புரிந்திருக்கவில்லை. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து துடித்த யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள் செய்தவற்றுள் சரியானது, ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்ததுதான். வாய் திறந்த பிறகுதான் அவர்கள் தவறினார்கள்.

இனிக் கடுகுவிதைக்கு. நம்மில் எல்லாருக்கும் மனப்பாடமான வசனம் 1 பேதுரு 3:15: "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." இதில் வரும் "உத்தரவு" என்னும் சொல்லில் சற்று நில்லுங்கள். இன்றைய தமிழில் அதற்குக் கட்டளை அல்லது அனுமதி என்று பொருள். வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் காலத்துத் தமிழில் அதற்கு மறுமொழி என்றும் பொருள் இருந்தது. கிரேக்க மூலத்தில் இருப்பது "அப்போலோகியா", அதாவது நியாயமன்றத்தில் விசாரிக்கப்படுகிறவன் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்வது. ஒருவர் கேட்கிறார், நாம் மறுமொழி சொல்கிறோம். மறுமொழிக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்க வேண்டும், கேள்விக்கு முன்னால் கேட்கத் தூண்டும்படியான ஒரு வாழ்க்கை இருக்க வேண்டும். அந்த நிருபம் துன்பத்தில் இருந்த சபைகளுக்கு எழுதப்பட்டது என்பதை மறந்துவிடாதீர்கள். துன்பத்தின் நடுவிலும் இவர்களிடம் எப்படி நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள் என எதிர்பார்த்தே அது எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் நண்பர் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

அந்த வசனம் யாருடைய பெயரால் வழங்குகிறது என்பதையும் எண்ணிப்பாருங்கள். யோவான் 18-ஆம் அதிகாரத்தில், இயேசு பிடிபட்ட இரவில், குளிருக்காக மூட்டியிருந்த கரிநெருப்பின் அருகே, "நீயும் அவனுடைய சீஷரில் ஒருவனல்லவா?" என்று அங்கிருந்த சிலர் கேட்டபோது, "நான் அல்ல" என்று சொன்ன பேதுருவின் பெயரால்தான். கேட்கப்பட்ட நேரத்தில் வாய் தவறிய மனிதரே, "எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று நமக்குச் சொல்கிறார். யோவான் 21-இல் கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பின் அருகேதான் ஆண்டவர் அவரைச் சந்திக்கிறார். "என்னை ஏன் மறுதலித்தாய்?" என்று அவரிடம் கேட்கவில்லை, "நீ என்னில் அன்பாயிருக்கிறாயா?" என்றே மூன்று தரம் கேட்கிறார். ஆகவே ஒன்றரை ஆண்டு கழிந்துவிட்டதே என்று கலங்காதீர்கள்.

கடுகுவிதை:

ஐயா, அந்த இரண்டு நெருப்புகளையும் நான் ஒருபோதும் சேர்த்து வாசித்ததில்லை. நன்றி.

கேட்பவன், உங்கள் தோழர் ஏன் மழுப்பினார் என்று எனக்குத் தெரியாது. நான் ஏன் மழுப்பினேன் என்பதைச் சொல்கிறேன். என் நண்பர் நெருங்கியவர் இல்லை என்ற எண்ணம் எனக்குள் ஒரு துளியும் இல்லை. மகளைப் பற்றி வாய் திறந்தால் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அதைவிடவும், அவருடைய துக்கத்தைப் பயன்படுத்தி என் மதத்தை விற்கிறேன் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

எம்மாவுவழி:

நான் கத்தோலிக்கன். பங்கில் பல ஆண்டுகளாக மறைக்கல்வி கற்பித்து வருகிறேன். கடுகுவிதையின் அந்த இரண்டாவது பயம் என் மாணவர்களிடமும் இருக்கிறது. அவர்களில் பலர் ஒரு மேற்கோளைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறார்கள்: "எப்போதும் நற்செய்தியை அறிவியுங்கள், தேவைப்பட்டால் மட்டும் சொற்களைப் பயன்படுத்துங்கள் என்று அசிசி நகரப் புனித பிரான்சிஸ் சொல்லியிருக்கிறாரே!" அந்த வாக்கியம் அவருடைய எழுத்துகளில் எங்குமே இல்லை. தம் துறவுச் சகோதரர்களுக்காக அவர் எழுதிய 1221-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் 16-ஆம் அதிகாரத்தில், இஸ்லாமியரிடையே வாழச் செல்லும் சகோதரர்களுக்கு அவர் இரண்டு வழிகளைக் காட்டுகிறார். வாதமும் சச்சரவும் செய்யாமல், கடவுளின் பொருட்டு எல்லாருக்கும் பணிந்து நடந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்வது ஒரு வழி. அது கடவுளுக்கு விருப்பம் என்று கண்டுகொள்ளும்போது இறைவார்த்தையை அறிவிப்பது மற்றொரு வழி. முதல் வழியிலும் "ஒப்புக்கொள்வது" இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வாழ்ந்துகாட்டினால் போதும், அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் எழுதவில்லை. அவரே சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த 1219-ஆம் ஆண்டில், எகிப்தின் தமியெத்தா நகருக்கு அருகே, ஆயுதமின்றி எதிரணிக்குள் சென்று சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தார். சுல்தான் மனம் மாறவில்லை. ஆனால் பிரான்சிஸைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையிலும் இதே இரட்டை வலியுறுத்தல் இருக்கிறது. இக்கால மனிதர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே விருப்பத்தோடு செவிகொடுக்கிறார்கள் என்று அவர் எழுதியதை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். எவ்வளவு சிறந்த வாழ்க்கைச் சாட்சியும் அதன் காரணம் சொல்லப்படாவிட்டால் நாளடைவில் பயனற்றுப்போகும் என்று அதே உரையில் சற்று முன்னால் அவர் எழுதியிருப்பதை எடுத்துக்காட்டுகிறவர்கள் குறைவு.

பின்னாளில் புனிதராகப் போற்றப்பட்ட அகுஸ்தீன், விசுவாசத்திற்கு வருமுன் மிலான் நகரில் பெற்ற அனுபவத்தையும் சொல்ல விரும்புகிறேன். ஆயர் அம்புரோசைத் தாம் முதலில் நேசித்தது உண்மையைக் கற்பிக்கும் ஆசிரியராக அல்ல, தம்மிடம் பரிவாக நடந்துகொண்ட மனிதராகத்தான் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். உண்மையைத் திருச்சபையில் கண்டடைய முடியும் என்ற நம்பிக்கையே அந்தச் சமயத்தில் தமக்கு இருக்கவில்லை என்றும் சொல்கிறார். பரிவு முந்தி வந்தது, செவிகொடுத்தல் பிந்தி வந்தது. ஒன்பது ஆண்டுகளில் அந்தப் பரிவு உங்கள் இருவருக்கும் இடையில் ஏற்கெனவே வளர்ந்திருக்கிறது, கடுகுவிதை. அவர் கிறிஸ்தவராக இல்லாமலேயே உங்கள் வேலையைச் சுமந்தார் என்பதும் கடவுளின் செயல் என்றே நான் நம்புகிறேன்.

எக்காளம்:

கேட்பவன் அவர்களே, அந்தப் பெஞ்சில் நடந்ததை வாசித்தபின் ஒரு நாள் முழுவதும் எதுவும் எழுதாமல் இருந்தேன். ஐந்து பேர் என்ற கணக்கை நான் வைத்துக்கொண்டது என் சோம்பலை அடக்குவதற்காக. ஆனால் இந்த மாதம் நான் பேசியவர்களில் எத்தனை பேருடைய பெயர் நினைவிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு பேருடைய பெயர்தான் நினைவுக்கு வந்தது. அது என்னைக் குத்துகிறது.

இருந்தாலும் மாலைவெளிச்சம் ஐயாவிடம் ஒரு கேள்வி. கேட்டால்தான் பேச வேண்டும் என்றால் பவுல் அத்தேனே பட்டணத்தில் செய்தது என்ன? யாரும் அவரை அழைக்கவில்லை. சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடெல்லாம் தினந்தோறும் பேசினார் என்று அப்போஸ்தலர் 17:17 சொல்கிறது. கேள்வி வரட்டும் என்று காத்திருப்பது பல நேரங்களில் கோழைத்தனத்திற்கு நாம் சூட்டும் நல்ல பெயராக ஆகிவிடாதா?

மாலைவெளிச்சம்:

நல்ல கேள்வி, இதை நீங்கள் கேட்டதில் மகிழ்ச்சி. ஆம், ஆகிவிடும். நான் பல முறை அந்த நல்ல பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன்.

ஆனால் நீங்கள் காட்டிய வசனத்தைச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். பவுல் சந்தைவெளியில் "சம்பாஷணைபண்ணினான்" என்று நம் வேதம் சொல்கிறது. சம்பாஷணை இருவர் பேசுவது. ஒருவர் பேச மற்றவர் தப்பிக்க வழி தேடுவதை அந்தச் சொல்லால் குறிக்க முடியாது. பேசுவதற்கு முன்பு அவர் அந்த ஊரைச் சுற்றிப் பார்த்திருக்கிறார்; "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதியிருந்த பலிபீடத்தை நின்று வாசித்திருக்கிறார்; அவர்களுடைய புலவர்களின் வரிகளை அறிந்து வைத்திருந்து, அவற்றையே எடுத்துப் பேசுகிறார். முடிவில் சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொரு வேளை கேட்போம் என்றார்கள். தியொனீசியு, தாமரி என்னும் ஸ்திரீ, இன்னும் சிலர் விசுவாசித்தார்கள். இன்னொரு வேளை என்றவர்களைப் பவுல் பின்தொடர்ந்து போய் வற்புறுத்தியதாக எழுதப்படவில்லை.

கொலோசெயர் 4-ஆம் அதிகாரமும் இந்தக் கேள்விக்கு உதவும் என்று நினைக்கிறேன். 3-ஆம் வசனத்தில், இறைவார்த்தையைச் சொல்ல வாசல் திறக்கும்படி தமக்காக ஜெபிக்கப் பவுல் சொல்கிறார். 6-ஆம் வசனத்தில், சபையாருக்கு அவர் சொல்வது வேறு: "அவனவனுக்கு இன்னின்னபடி உத்தரவு சொல்லவேண்டுமென்று நீங்கள் அறியும்படிக்கு, உங்கள் வசனம் எப்பொழுதும் கிருபை பொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும் இருப்பதாக." இங்கும் "உத்தரவு" மறுமொழியே. "அவனவனுக்கு இன்னின்னபடி" என்பதால், எல்லாருக்கும் ஒரே மனப்பாடப் பேச்சு உதவாது. ஊர் ஊராகப் போகும் அழைப்புப் பெற்றவர்கள் சிலர். மேசைக்கு எதிர் மேசையில் வாழும் அழைப்புப் பெற்றவர்கள் நம்மில் பெரும்பாலோர். ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்து பிழைத்தவர்கள். அப்பொல்லோ என்னும் போதகரின் போதனையில் குறை கண்டபோது, அவரைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு திட்டமாக விவரித்துக் காட்டினார்கள். யாரும் கேட்காமலேயே முதல் சொல்லை அவர்கள் எடுத்தார்கள், ஆனால் அவருக்கு இடம் கொடுத்துவிட்டு எடுத்தார்கள்.

இரவுப்பணி:

நான் செவிலியர். சுமார் பதினான்கு ஆண்டுகளாக இரவுப் பணியில்தான் அதிகம் இருந்திருக்கிறேன். கேட்பவனின் பெஞ்சைப் போன்ற பெஞ்சுகளைத் தினமும் கடந்து போகிறேன்.

எங்களுக்கு ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கிறது. படுக்கையில் இருப்பவர் என் தயவில் இருக்கிறார். வலிக்கு மருந்து கொண்டுவருகிறவள் பேசும்போது, எழுந்து போக அவருக்கு வழியில்லை, முகம் சுளிக்கக்கூட அவர் தயங்குவார். மேலதிகாரி தமக்குக் கீழே இருப்பவரிடமும், ஆசிரியர் மாணவரிடமும், கடன் கொடுத்தவர் வாங்கியவரிடமும் பேசும்போது இதே நிலைதான். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமயச் சுதந்திரம் குறித்து வெளியிட்ட அறிக்கையில், எளியவர்களிடம் நம்பிக்கையைப் பரப்பும்போது வற்புறுத்தலோ நேர்மையற்ற தூண்டுதலோ போலத் தோன்றும் எதையும் தவிர்க்க வேண்டும் என்கிறது. உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடலுக்கான அமைப்பு, உலக நற்செய்திக் கூட்டணி ஆகிய மூன்றும் சேர்ந்து 2011 ஜூன் மாதத்தில் வெளியிட்ட பரிந்துரைகளும், மக்களின் வறுமையையும் தேவையையும் நற்செய்திப் பணிக்குச் சாதகமாக்கிக்கொள்வதற்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று சொல்கின்றன. மதம் மாறுவது பெரிய முடிவு, அதற்கு ஒருவர் சிந்திக்கவும் ஆயத்தப்படவும் போதுமான காலமும் முழுச் சுதந்திரமும் வேண்டும் என்றும் அதே ஆவணம் கூறுகிறது. இவ்வளவு வேறுபட்ட திருச்சபைகள் ஒரே தாளில் இதைச் சொல்லியிருப்பது எனக்குப் பெரும் ஆறுதல்.

நானாக நோயாளிகளிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. ஒருமுறை, அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சாமி கும்பிடுகிற பெண் போல இருக்கிறாய், எனக்காகக் கும்பிடுவாயா?" என்று கேட்டார். "நான் இயேசுவிடம் ஜெபிக்கிறவள். அது உங்களுக்குச் சம்மதமா? உங்கள் வழக்கப்படி வேண்டிக்கொள்ள யாரையாவது அழைத்து வரட்டுமா?" என்று கேட்டேன். "உன் சாமியிடமே கேள்" என்றார். கையை விடாமலேயே நான்கு வரி ஜெபித்தேன். ஜெபம் முடிந்தும் அவர் கையை விடவில்லை, அடுத்த அறையில் மணி அடிக்கும் வரைக்கும் அப்படியே நின்றேன். அவர் குணமாகி வீடு திரும்பினார். பிறகு நான் அவரைப் பார்த்ததில்லை. அந்த நான்கு வரி அவருக்குள் என்ன செய்தது என்பது என் கணக்கில் இல்லை.

நீர்ச்சாடி:

வீட்டுக்குள்ளே இதை எப்படிச் செய்வது என்று யாராவது எழுதுவார்கள் எனக் காத்திருந்தேன். யாரும் எழுதாததால் நானே எழுதுகிறேன்.

திருமணமாகி ஏழு ஆண்டுகள் கழித்து நான் விசுவாசத்திற்குள் வந்தேன். என் கணவர் வரவில்லை. ஆரம்பத்தில் நான் செய்தவற்றை நினைத்தால் இப்போதும் வேதனையாக இருக்கிறது. அவருடைய மேசையில் அடிக்கோடிட்ட வசனங்களை வைப்பேன். அவர் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் பிரசங்கத்தைச் சத்தமாக ஓடவிடுவேன். அவரோடு ஏற்பட்ட எந்தச் சண்டையிலும், "நீங்கள் ஆண்டவரை அறிந்திருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்" என்று முடிப்பேன். பேதுரு மனைவிகளுக்கு எழுதியபோது "போதனையின்றி" என்ற சொல்லை வைத்தது எவ்வளவு இரக்கமான காரியம் என்று எனக்குப் புரிய நான்கு ஆண்டுகள் பிடித்தன.

ஒருநாள் பிள்ளைகள் முன்னால் அவரைக் கேவலமாகப் பேசிவிட்டேன். அன்று இரவே, பிள்ளைகள் முன்னால், அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு முன்பு நான் அவரிடம் மன்னிப்பே கேட்டதில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. சில நாட்கள் கழித்து, முதுகு பிரிந்து பக்கங்கள் உதிர்ந்துகொண்டிருந்த என் வேதபுத்தகத்தை எடுத்தபோது, அது பசை போட்டு, துணிப்பட்டை ஒட்டி, நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருந்தது. உதிர்ந்த பக்கங்களை அவர் எண் பார்த்து வரிசையாகச் சேர்த்திருந்தார். அவர் இன்றுவரை ஆலயத்திற்கு வரவில்லை. நான் இப்போதும் தினமும் அவருக்காக ஜெபிக்கிறேன். ஆனால் அந்தப் பட்டையைத் தொடும்போதெல்லாம், நான் அவரை நேசிப்பது அவர் மாற வேண்டும் என்பதற்காக அல்ல என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கேட்பவன்:

நீர்ச்சாடி அம்மா எழுதியதை என் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கடுகுவிதை:

நான்கு நாட்களாக இவற்றை யோசித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேசினால் குரல் தடுமாறும் என்பதால் நண்பருக்கு ஒரு செய்தி எழுத நினைக்கிறேன். வரைவைக் கீழே தருகிறேன். குறிப்பாகக் கேட்பவன் திருத்தினால் நல்லது.

"வணக்கம். ஒருநாள் மாலை அச்சு இயந்திரத்தின் அருகே நின்று, மகள் போன பிறகு நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். காலம் ஆற்றும் என்று நான் சொன்னது உண்மையல்ல. நான் இயேசுவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர்தான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றே நம்புகிறேன். உயிர்த்தெழுதல் என்று ஒன்று இருப்பதால் என் மகளை மறுபடியும் காண்பேன் என்னும் நம்பிக்கையில் ஒவ்வொரு நாளும் எழுந்தேன். உங்கள் தம்பியின் மறைவும் ஒரு நோக்கத்தோடுதான் நடந்திருக்கும். நீங்களும் அவரை ஏற்றுக்கொண்டால் இந்தச் சமாதானம் உங்களுக்கும் கிடைக்கும். உங்களுக்காக ஜெபிக்கிறேன்."

கேட்பவன்:

கேட்டதற்காகச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். "உயிர்த்தெழுதல்" வரைக்கும் வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்கு அடுத்த வாக்கியத்தில் கதவு மூடிக்கொண்டது. தம்பியின் மரணத்திற்கு நோக்கம் உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லக்கூடாது. அவராகவே ஒருநாள் சொன்னால் சொல்லட்டும். அதற்கடுத்த வாக்கியம் விற்பனையாளர் பேசுவதைப் போல இருக்கிறது. நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதையே அந்த ஒரு வரி செய்துவிடும். இன்னொன்று: அவருடைய தம்பியைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லையே?

மாலைவெளிச்சம்:

கேட்பவன் சொல்வது சரி. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்று யோவான் 9:25-இல் சொன்னவன், தன்னை விசாரித்தவர்களுக்கு அந்த மறுமொழியில் தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மாற்கு 5:19-இல் பிசாசு பிடித்திருந்து குணமானவன் ஆண்டவரோடே வர விரும்பியபோதும், அவனுக்குக் கிடைத்த வேலை, வீட்டிற்குப் போய், கர்த்தர் தனக்கு இரங்கிச் செய்தவற்றை அறிவிப்பதுதான். உங்கள் நண்பருடைய தம்பி ஏன் இறந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களை யார் தாங்கினார் என்பது தெரியும். தெரிந்ததோடு நிறுத்திவிடுங்கள். ஆனால் இயேசுவின் பெயரை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.

எக்காளம்:

ஒரு வாரத்திற்கு முன்பு கேட்டிருந்தால், அந்தக் கடைசி அழைப்பு வாக்கியத்தை எடுக்கவே கூடாது என்று நான் வாதாடியிருப்பேன். இப்போதும் அழைப்பு வேண்டும் என்றே நினைக்கிறேன். அழைப்பே இல்லாத சாட்சி பாதியில் நிற்கிறது. ஆனால் இயேசுவின் சீஷனான பிலிப்பு, அவரைக் குறித்துத் தயங்கிய நாத்தான்வேலிடம் அழைப்பாகச் சொன்னது, "வந்து பார்" என்ற இரண்டே சொற்கள். அந்த அளவுக்கு ஒரு வாசலைத் திறந்து வைக்கலாமே.

கடுகுவிதை:

திருத்திய செய்தியில் நோக்கம் பற்றிய வரியையும் ஏற்றுக்கொள்வது பற்றிய வரியையும் நீக்கிவிட்டேன். முடிவை இப்படி மாற்றினேன்: "அன்று உங்களுக்கு உண்மையைச் சொல்லாததற்கு மன்னியுங்கள். இதைப் பற்றி எப்போதாவது பேச விரும்பினால் நான் இருக்கிறேன், விரும்பாவிட்டாலும் நான் இருக்கிறேன். உங்கள் தம்பியைப் பற்றி நான் எதுவுமே கேட்டதில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்வீர்களா?" நேற்று இரவு அனுப்பினேன். நான் இயேசுவின் பெயரை அவருக்கு எழுதியது பத்தரை ஆண்டுப் பழக்கத்தில் இதுவே முதல்முறை.

கடுகுவிதை:

மூன்று நாட்கள் பதில் இல்லை. நான்காம் நாள் காலையில் வந்தது. அதிலிருந்து ஒரு பகுதியை மட்டும், அவருடைய அனுமதியோடு, இங்கே எழுதுகிறேன்: "அன்று நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியதை நான் பார்த்தேன். என் துக்கம் உங்களுடைய பழைய துக்கத்தைக் கிளறிவிட்டதோ என்று நினைத்து, அதன் பிறகு உங்களிடம் எதையும் கேட்காமல் இருந்துவிட்டேன்."

என் மௌனத்தை அவர் தம்முடைய தவறாகச் சுமந்திருக்கிறார், ஒன்றரை ஆண்டுகள். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை மாலை அவரே அழைத்தார். ஒரு மணி நேரத்திற்கு மேல் பேசினோம். ஏறக்குறைய முழு நேரமும் அவருடைய தம்பியைப் பற்றித்தான். சின்ன வயதில் இருவரும் ஒரே மிதிவண்டியை வைத்துக்கொண்டு யார் ஓட்டுவது என்று போட்ட சண்டைகள், தம்பியின் கையெழுத்து, அவருடைய தொலைபேசி எண்ணை இன்னும் அழிக்க மனம் வராதது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன், இரண்டு இடங்களில் நானும் அழுதேன். வைப்பதற்கு முன், "நீங்கள் எழுதியிருந்தீர்களே, மகளை மறுபடியும் காண்பேன் என்று. அதை நீங்கள் நிஜமாகவே நம்புகிறீர்களா, அல்லது நம்ப வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"நிஜமாகவே நம்புகிறேன். சில இரவுகளில் அந்த நம்பிக்கை தள்ளாடுகிறது, காலையில் மறுபடியும் நிற்கிறது" என்றேன். சற்று நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, அடுத்த மாதம் இந்தப் பக்கம் வர வேண்டியிருப்பதாகவும், வரும்போது என் மகளின் புகைப்படங்களைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். என் மனைவி நேற்றே அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டாள்.